கையில் இருக்கும் வேலையைக் குறைத்த பிறகுதான் எங்கள் டீம் கற்க ஆரம்பித்தது

எல்லாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தால் முதலில் நடப்பது ஏதாவது ஆன்லைன் கோர்ஸுக்குச் சந்தா கட்டுவதுதான். எங்கள் டீமிலும் அப்படித்தான். முதல் வாரம் ஆர்வமாகத் திறந்து பார்த்தார்கள், அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. சோம்பல் இல்லை. ஒவ்வொருவர் தலையிலும் ஐந்தாறு வேலை, எதையாவது முடித்தால் போதும் என்று ஓடுகிறவரிடம் போய் கோர்ஸ் பார்த்தாயா என்று கேட்டால் எரிச்சல்தான் வரும்.

அதனால் கோர்ஸை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாகப் போட்டுவைக்கும் டாஸ்க் போர்டில் கை வைத்தோம். ஒருவர் பெயரில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுதான், மூன்றாவது வேண்டுமென்றால் ஒன்றை முடிக்க வேண்டும், இல்லையென்றால் மாட்டிக்கொண்டு நிற்கும் இன்னொருவருக்குப் போய் உதவ வேண்டும். கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைக்கும் டொயோட்டாவின் கான்பான் முறையிலிருந்து வந்த வழக்கம் இது. மேலாளர் "எல்லாமே அவசரம்தான்" என்றார். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதியை ஒரு தாளில் போட்டுக் காட்டினோம்: 24 வேலை திறந்து கிடந்து வாரம் 4 முடிந்தால், ஒரு வேலை முடிய சராசரியாக 6 வாரம். அதே வேகத்தில் 12 மட்டும் திறந்திருந்தால் 3 வாரம். அதைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார்.

நாங்கள் எதிர்பார்க்காதது, உதவப் போன இடத்தில்தான் உண்மையான படிப்பே நடந்தது. மாத இறுதி ரிப்போர்ட் ஒரே ஒரு சீனியருக்குத்தான் தெரியும், அவர் லீவு போட்டால் எல்லாம் நின்றுவிடும். புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் கீபோர்டில் உட்காரவைத்து, சீனியர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். நடுவில் அவள், "ஏன் சார் இந்த மூணு வரியை ஒவ்வொரு தடவையும் அழிக்கிறோம்?" என்று கேட்டாள். முன்பு டேட்டா இரண்டு முறை பதிவாகிக்கொண்டிருந்ததாம், அதனால் அழிக்க ஆரம்பித்தார்களாம். அந்தக் கோளாறு எப்போதோ சரியாகிவிட்டது. அழிக்கும் பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்திருக்கிறது. அன்றே அதை நிறுத்தினோம், மற்ற படிகளை அவளே எழுதிவைத்தாள்.

தவறுகளைப் பேசுவதும் இதோடு சேர்ந்ததுதான். ஹார்வர்ட் பேராசிரியர் ஆமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட காரணம். எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன மாற்றலாம் என்று மட்டும்தான் பேச்சு. யார் செய்தது என்ற கேள்வியே வராது, டீம் லீட் கடைசியில்தான் பேசுவார்.

*

இரண்டு கார்டு கட்டுப்பாடு எங்கள் சப்போர்ட் டீமில் சரிப்பட்டு வரவில்லை, உதவி கேட்டு வரும் டிக்கெட் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லையே. அதனால் தினம் ஒருவர் முறை வைத்து, வருகிற அவசரம் எல்லாம் அவருக்கே போகும், மற்றவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று வைத்தோம். முறை முடிந்ததும், தனக்குத் தெரியாமல் யாரையாவது கேட்க வேண்டியிருந்த ஒரு விஷயத்தை அவர் எழுதிவைக்க வேண்டும். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் படிக்கக் கொடுப்பது அந்தக் குறிப்புகளைத்தான்.