காவேரிப்பட்டினத்தில் 40 மீட்டர் லூப்: கம்பியை வெட்டலாமா?

ஹாம் வானொலி நண்பர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் அருகே எங்கள் மாந்தோப்பு. வரப்பில் நிற்கும் நான்கு தென்னைகளுக்கு இடையே, தரையிலிருந்து 7 மீட்டர் உயரத்தில், 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) முழு அலை லூப் ஆன்டெனா, அதாவது ஓர் அலை நீளம் சுற்றளவுள்ள கம்பி வளையம், கட்டியிருக்கிறேன். வழக்கமான சூத்திரப்படி 306-ஐ 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்துச் சுற்றளவு 43 மீட்டர். வீட்டு வயரிங் செய்யும் பிவிசி உறையிட்ட செம்புக் கம்பிதான். (துணி காயப்போட இவ்வளவு பெரிய கொடியா என்கிறார் அப்பா.) சென்னை, மதுரை வரை பேசினால் போதும் என்பதால் உயரம் பற்றிக் கவலையில்லை.

சிக்கல் இதுதான். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் அளவு) மிகக் குறைவாக இருப்பது 7.1-இல் அல்ல, 6.8-இல். உறையிட்ட கம்பியில் அலை சற்று மெதுவாகச் செல்லும் என்பது தெரியும். அதுதான் காரணமென்றால் ஏறக்குறைய 1.8 மீட்டர் வெட்ட வேண்டும். தென்னை மட்டை உரசுவதாலும் அதிர்வெண் இவ்வளவு இறங்குமா? வெட்டிய கம்பியை ஒட்டுப்போடுவது எனக்குப் பிடிக்காத வேலை.

அடுத்து, ஊட்டம், அதாவது ஆன்டெனாவைக் கேபிளுடன் இணைப்பது. லூப்பின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) 100 ஓமுக்கு மேல் என்று கொண்டு, இரண்டையும் பொருத்த 50 ஓம் கேபிளுக்கு முன்னால் 75 ஓம் கேபிளைக் கால் அலை நீளத்துக்குச் சேர்க்க நினைக்கிறேன். கேபிளுக்குள்ளும் அலை மெதுவாகச் செல்வதால், கெட்டி பாலித்தீன் கேபிள் என்றால் 7 மீட்டர். நுரை வைத்த டிவி கேபிள் என்றால் எட்டரை மீட்டருக்குக் குறையாது. இவ்வளவு தாழ்வான லூப்புக்கு அந்த இணைப்பு தேவைதானா?

ஓசூர், தருமபுரி பக்கம் ஆன்டெனா அனலைசர் (இவற்றை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஆடிக் காற்று தொடங்கும் முன் முடித்தால் நல்லது.