மறுமொழி: பென்டன்ட் – தொங்கணியா, பதக்கமா?

வணக்கம். கழுத்துச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிடும் 'பென்டன்ட்' நகைக்கும் அதன் வகைகளுக்கும் நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> பதக்கம் என்றாலே இப்போது மெடல்தான் நினைவுக்கு வருகிறது. தொங்குவதால் 'தொங்கணி' என்று வைக்கலாமே?

தொங்கணி வேண்டாம் ஐயா. ஜிமிக்கி, லோலாக்கு காதில் தொங்குகின்றன. சுட்டி நெற்றியில் தொங்குகிறது. கழுத்துச் சங்கிலியில் கோக்கும் நகைக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் இவற்றை எங்கே வைப்பது? பதக்கம் நகைப்பெயராகவே பழகிய சொல். மெடலா நகையா என்பது இடம் பார்த்தால் புரிந்துவிடும்.

எங்கள் கிருஷ்ணகிரிக் கடைகளில் 'டாலர்' என்று கேட்டால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். முருகன் டாலர், லட்சுமி டாலர், பெயரின் முதலெழுத்து டாலர். பேச்சில் அது இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் அமெரிக்க நாணயத்தோடு மோதும்.

உள்வகைகளில்தான் கவனம் வேண்டும். லாக்கெட்டையும் டாலரையும் பலர் ஒன்றாகவே சொல்கிறார்கள். லாக்கெட் மூடி திறந்து உள்ளே படம் வைப்பது. குங்குமச் சிமிழைத் தெரியாதவர் இல்லை. 'சிமிழ்ப் பதக்கம்' என்றால் விளக்கமே தேவைப்படாது. தாயத்திலும் உள்ளே பொருள் உண்டு, ஆனால் தகட்டைச் சுருட்டி வைத்து அடைத்துவிடுவார்கள். திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவில் செய்து குழந்தைக்குக் கட்டிய ஐம்படைத்தாலியும் இதைப் போலக் காவலுக்கானதே. ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் லிங்காயத்தார் என்னும் சைவப் பிரிவினர் இட்டலிங்கத்தை, அதாவது தாம் வழிபடும் சிறு சிவலிங்கத்தை, வைத்து அணியும் கூட்டுக்குக் கரடிகை என்று பெயர். அதற்கு நாம் புதுப்பெயர் சூட்டக் கூடாது, அப்படியே ஏறட்டும்.

> முகப்பையும் பதக்க வகையில் சேர்க்கலாம்.

சேர்க்க முடியாது அம்மா. முகப்புக்கு இருபுறமும் வளையம். சங்கிலியின் இடையில் தானும் ஒரு கண்ணியாகி, பக்கவாட்டில் நிற்கும். நெஞ்சின் நடுவே கீழ்நோக்கி இறங்குவதுதான் பதக்கம்.

யாரும் தொடாமல் விட்டது 'பெயில்'. பதக்கத்தின் தலையில் சங்கிலி நுழையும் வளையம் அது. மொத்த எடையையும் அதுதான் தாங்குகிறது. 22 காரட் தங்கம் மென்மையானது. சங்கிலி உரசி உரசி அந்த வளையம் தேய்ந்து ஒருநாள் அறுந்தால் பதக்கம் எங்கே விழுந்தது என்றே தெரியாது. சங்கிலியின் கொக்கி அதற்குள் நுழையாவிட்டால் வாங்கிய பதக்கத்தைக் கோக்கவும் வழியில்லை. இவ்வளவு முக்கியமான உறுப்புக்கு நம்மிடம் பெயர் வேண்டாமா? ஊசிக்குக் காது உண்டல்லவா, 'பதக்கக் காது' என்று முன்மொழிகிறேன். முத்துச்சரத்தின் நடுவில் மாட்டுவதற்காகக் கீல் வைத்துத் திறந்து மூடுவதும் உண்டு; அது 'திறப்புக் காது'.

காதே இல்லாமல், பதக்கத்தின் உடலுக்குள்ளேயே சங்கிலி புகுந்து வெளிவரும் வகைக்கு 'ஊடுபதக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மற்றவற்றுக்கு மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.