எடை குறைப்பு ஆபரேஷன்: அட்மிட் ஆகும்போது பையில என்ன இருக்கணும், வீட்டுல எதை விட்டுட்டு வரணும்: சேலத்துக்காரங்க ஆறு பேர் சொல்றாங்க

அஸ்தம்பட்டி, வார்டு நர்ஸ்:

ஸ்லீவோ (இரைப்பையில பெரும்பகுதியை வெட்டி எடுக்கறது) பைபாஸோ (இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோட நேரா இணைக்கறது), சிக்கல் இல்லாம போனா ஆஸ்பத்திரியில இருக்கப் போறது ரெண்டு மூணு நாள்தான். ஆனா வர்றவங்க கையில மூணு பை இருக்கும். அதுல நாலு செட் துணி, பிஸ்கட், ஹார்லிக்ஸ் எல்லாம் இருக்கும். தேவையானது மட்டும் இருக்காது. அதனால எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி கழட்ட வேண்டியதைச் சொல்லிடறேன்.

நம்ம சேலம் கொலுசு ஊரு. கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண், மூக்குத்தி, வளையல் எதுவும் தியேட்டருக்குள்ள வரக்கூடாது. ரத்தக்கசிவை நிறுத்த கரண்ட்ல சூடு வைக்கிற கருவி பயன்படுத்துவாங்க. உடம்புல உலோகம் இருந்தா அந்த இடத்துல தோல் சுட்டுப் போற ஆபத்து இருக்கு. பதினஞ்சு வருஷமா விரல்லயே கெடந்த மெட்டி, காலைல 6 மணிக்கு ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சுக் கழட்டினா வராது. சோப்புத் தண்ணி, எண்ணெய், நூல் சுத்தி இழுக்கிறதுன்னு எல்லாம் பாத்துட்டு கடைசில வெட்டித்தான் எடுக்கணும், விரலும் வீங்கிடும். ஒரு வாரம் முன்னாடியே செவ்வாய்ப்பேட்டையில ஒரு வெள்ளிப் பட்டறைக்குப் போய்க் கழட்டிக்கங்க. தாலிக்கொடியைக் கழட்ட மனசு வராதவங்க மஞ்சள் கயித்துல மஞ்சள் கிழங்கு கட்டிப் போட்டுக்கிட்டு வரலாம், அதுல உலோகம் இல்ல. மருதாணியும் நெயில் பாலிஷும் விரல்ல மாட்டற ஆக்ஸிஜன் கிளிப்பைத் தப்பாக் காட்ட வைக்கலாம். அந்த மாசம் மருதாணி வேண்டாம்.

மாத்திரையை டப்பாவுல பிரிச்சுப் போட்டுக் கொண்டு வராதீங்க. அட்டையோட வந்தாத்தான் பேரும் மில்லிகிராமும் எங்களுக்குத் தெரியும். சர்க்கரைக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடறவங்க அதை இப்பவே டாக்டர்கிட்ட சொல்லுங்க. குறைஞ்சது 3 நாள் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி மாவுச்சத்து கம்மியா டயட் இருக்கீங்க, அன்னைக்குப் பட்டினி வேற. இதோட அந்த மாத்திரையும் சேந்தா, மீட்டர்ல சர்க்கரை பெருசா ஏறாமலே ரத்தத்துல அமிலம் கூடிடும். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை, எடை குறைய வாரம் ஒரு தடவை போடற ஊசி, இதையும் மறைக்காதீங்க.

அப்புறம் ஒண்ணு. ஆபரேஷன் முடிஞ்சதும் பழைய டோஸ்ல சர்க்கரை மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ நீங்களா எடுத்துப் போட்டுக்காதீங்க. சாப்பாடு ஒரேயடியாக் குறையறதால சர்க்கரையும் சீக்கிரம் இறங்கும். பழைய டோஸ் போட்டா மயக்கத்துலதான் விடும். பையில இருக்கிற அட்டை நாங்க பாக்கறதுக்கு மட்டும்தான்.

சூரமங்கலம், பிசியோ:

அக்கா சொன்னதோட நான் மூணு பொருள் சேக்கறேன்.

முதல்ல மூணு பந்து இருக்கிற மூச்சுப் பயிற்சிக் கருவி. மெடிக்கல்ல கிடைக்கும். இதை எல்லாரும் ஊதறாங்க. ஊதக் கூடாது, உறிஞ்சணும். நிமிந்து உக்காந்து, மூச்சை சாதாரணமா வெளிய விட்டுட்டு, குழாயை உதட்டால இறுக்கிப் பிடிச்சு மெதுவா இழுங்க. பந்து மேல போய் ரெண்டு மூணு செகண்ட் அங்கயே நிக்கணும். படார்னு இழுத்து மூணு பந்தையும் தூக்கறதுல பிரயோஜனம் இல்ல. முழிச்சிருக்கிற நேரம் மணிக்கு 10 தடவை. ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டு நாள் வயித்து வலிக்குப் பயந்து மேலோட்டமாத்தான் மூச்சு விடுவீங்க. அப்ப நுரையீரலோட அடிப்பக்கம் சுருங்கிக் காய்ச்சல் வரும், சளி கட்டும். வலியோட புதுசாக் கத்துக்கறது கஷ்டம், அதனால ஒரு வாரம் முன்னாடியே வாங்கிப் பழகிடுங்க.

ரெண்டாவது கால்ல போடற இறுக்க சாக்ஸ். பாதத்து சைஸ் சொல்லி வாங்கற பொருள் இல்ல. காலைல எழுந்ததும், கால் வீங்கறதுக்கு முன்னாடி, கெண்டைக்கால் பருமனான இடத்துச் சுத்தளவு, கணுக்கால் சுத்தளவு, குதிகால்ல இருந்து முட்டி மடிப்பு வரைக்கும் நீளம், மூணையும் டேப்ல எடுத்துட்டுப் போங்க. ரெண்டு ஜோடி வேணும், ஒண்ணு துவைக்கும்போது ஒண்ணு. மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீங்க. சுருட்டின இடம் கயிறு கட்டின மாதிரி இறுக்கி, நாம தடுக்க நினைக்கிற ரத்தக்கட்டுக்கே வழி பண்ணிடும்.

மூணாவது ஒரு சின்னத் தலையணை. இருமும்போதும் எழுந்திரிக்கும்போதும் வயித்தோட அணைச்சுப் பிடிக்க. வீடு திரும்பும்போது கார்ல சீட் பெல்ட்டுக்கும் தையலுக்கும் நடுவுல அதே தலையணைதான்.

தோள்பட்டை வலிக்குதேன்னு தைலம் தேடாதீங்க. ஆபரேஷன்ல வயித்தை உப்ப வைக்க உள்ள அடிச்ச வாயு, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானத் தசையை உறுத்தறதுதான் தோள்ல தெரியுது. நடந்தா குறையும். அதனால குனியாம மாட்டற மாதிரி, அடியில ரப்பர் பிடிப்புள்ள செருப்பு அவசியம். ரப்பர் தேய்ஞ்ச வீட்டுச் செருப்பு ஆஸ்பத்திரி டைல்ஸ்ல வழுக்கும்.

குறட்டைக்கு மெஷின் வச்சுத் தூங்கறவங்க அதை மாஸ்க், குழாய், கரண்ட் வயரோட கட்டாயம் கொண்டு வாங்க. மயக்க மருந்தும் வலி மருந்தும் உடம்புல இருக்கிற முதல் ராத்திரிதான் அது ரொம்ப தேவை. மாஸ்க்கை மறந்துட்டு மெஷினை மட்டும் தூக்கிட்டு வர்றது அடிக்கடி நடக்குது.

ஐந்து ரோடு, இன்சூரன்ஸ் டெஸ்க்:

ஃபைலைப் பத்தி மட்டும் சொல்றேன். ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டர்ல உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்றது) 27.5 தாண்டினாலே இந்த ஆபரேஷனை யோசிக்கலாம்னு 2022ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்லுது. இன்சூரன்ஸ் கணக்கு வேற. வழக்கமான பாலிசி விதி: 18 வயசு முடிஞ்சிருக்கணும், பி.எம்.ஐ. 40 அல்லது அதுக்கு மேல. 35ல இருந்து 40க்குள்ளன்னா கூடவே இதய நோய், தீவிரமான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை மாதிரி ஒண்ணு இருக்கணும், வேற வழியில எடை குறைக்க முயற்சி பண்ணிப் பலிக்கலைன்னும் காட்டணும். 160 செ.மீ. உயரத்துக்கு 40ன்னா 102.4 கிலோ, 35ன்னா 89.6 கிலோ.

இதுல சிக்கல் எங்க வருதுன்னா, ஆபரேஷனுக்கு முந்தின ரெண்டு வாரம் கல்லீரலைச் சுருக்க டயட் இருப்பீங்க, எடை இறங்கும். அட்மிஷன் அன்னைக்கு எடுத்த எடை மட்டும் ஃபைல்ல இருந்தா கோட்டுக்குக் கீழ போயிடும். முதல் ஓ.பி. சீட்டுலயே உயரம், எடை, தேதி, டாக்டர் கையெழுத்து இருக்கான்னு பாத்துக்கங்க. தூக்கப் பரிசோதனை, எச்.பி.ஏ.1.சி. (மூணு மாச சர்க்கரை சராசரி), எக்கோ (இதய ஸ்கேன்), பழைய டயட் சீட்டு எல்லாம் ஒரிஜினலும் ரெண்டு செட் ஜெராக்ஸும். ஆதார், பான், பாலிசி அட்டை இதுங்களை ஜிப் கவர்ல தனியா வச்சு துணைக்கு வர்றவங்க கையில குடுத்துடுங்க. நோயாளி பையில இருந்தா, அவங்க தியேட்டர்ல இருக்கிற நேரத்துல பையைக் கொட்டித் தேட வேண்டியிருக்கும்.

கொண்டலாம்பட்டி, டயட்டீஷியன்:

ஒரு 30 மில்லி மருந்து கப். இந்த லிஸ்ட்லயே சின்னது, எனக்கு முக்கியமா படறதும் இதுதான். ஸ்லீவ் பண்ணினப்புறம் இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல போயிடுது. டம்ளரை வாயில வச்சா பழக்கத்துல ஒரு மடக்கு குடிச்சிடுவோம். நெஞ்சு அடைக்கும், குமட்டும். டாக்டர் குடிக்கலாம்னு சொன்னதும், 30 மில்லியைப் பதினஞ்சு நிமிஷத்துக்கு இழுத்துக் குடிங்க. மணிக்கு 120 மில்லி ஆச்சு. வீட்டுக்குப் போனப்புறம் 14 மணி நேரம் இப்படியே போனா 1,680 மில்லி, அன்றைய தேவை தீந்துடும். மருந்து கப் கிடைக்கலைன்னா குழந்தைக்குப் பால் புகட்டற சங்கு இருக்கே, அதை வெந்நீர்ல கழுவி எடுத்துட்டு வாங்க. சங்குல மடக்குனு குடிக்கவே முடியாது. எத்தனை மில்லி பிடிக்குதுன்னு வீட்டுலயே அளந்து வச்சுக்கங்க. ஸ்ட்ரா வேண்டாம், காத்தும் சேந்து உள்ள போகும். சோடா, கோலா கூடவே கூடாது.

புரோட்டீன் பவுடரை ஒரு கிலோ டின்னா வாங்காதீங்க. ஆபரேஷனுக்கப்புறம் நாக்கு மாறிடும், முன்னாடி பிடிச்ச ருசி அப்பப் பிடிக்காம போகலாம். ரெண்டு மூணு ருசில சின்ன பாக்கெட் போதும், அதையும் டாக்டர் சொன்ன நாள்லதான் பிரிக்கணும். முதல்ல வடிகட்டின தெளிவான திரவம் மட்டும்தான்.

துணைக்கு இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டுவடை செட்டு (தட்டுவடைக்கு நடுவுல சட்னி வச்சது), பிரியாணி பார்சலை ரூமுக்குள்ள பிரிக்காதீங்க. ஏற்கெனவே குமட்டற ஆளுக்குப் பூண்டுச் சட்னி வாசம் ஆகாது, வாந்தி எடுத்தா புதுத் தையல்ல அழுத்தம் விழும். கேன்டீன்ல சாப்பிட்டு வாங்க.

அம்மாபேட்டை:

துணி பத்தி யாரும் சொல்லலையே. தலைவழியா மாட்டறது ஆகாது, கையில டிரிப் ஏறும். முன்னாடி பட்டன் வச்ச நைட்டி ரெண்டு, ஆம்பளைங்களுக்கு பட்டன் சட்டையும் லுங்கியும். எலாஸ்டிக் பேன்ட் தையல் மேல உக்காரும். நாப்கின் வச்சுக்கங்க, தேதி முந்தி வரலாம். ரெண்டு மீட்டர் சார்ஜர் வயர், உதடு காயறதுக்கு கொஞ்சம் தேங்காயெண்ணெய்.

ஏற்காடு, ஆம்புலன்ஸ் டிரைவர்:

மலைக்குத் திரும்பறவங்களுக்கு. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஆபரேஷனாகி நாலாம் நாள் வளைவுல வாந்தி வரக்கூடாது. வாந்தி மாத்திரையைப் புறப்படறதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி போடணும்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டு எழுதிக்கங்க. முன் சீட்டுல உக்காருங்க. குப்பனூர் ரோட்டுல வளைவு கம்மி. முடிஞ்சா முதல் வாரம் சேலத்துலயே சொந்தக்காரங்க வீட்டுல தங்கிடுங்க, அதுதான் என் அபிப்பிராயம்.

ரத்தம் கட்டாம இருக்க வீட்டுல போடற ஊசி குடுத்திருந்தா அதைக் கார் டாஷ்போர்டுல வைக்காதீங்க. 25 டிகிரிக்குக் கீழ இருக்கணும், சேலத்து வெயில்ல மூடின கார் அடுப்பு மாதிரி. ஐஸ்லயும் உறையக்கூடாது.

தெர்மாமீட்டரும் விரல்ல மாட்டற ஆக்ஸிஜன் மீட்டரும் பையில இருக்கட்டும். சும்மா உக்காந்திருக்கும்போதே நாடி 120 தாண்டினா, காய்ச்சல், மூச்சு வாங்கறது, விடாத வயித்து வலி, ஒரு கால் மட்டும் வீங்கறது, தண்ணி கூட உள்ள நிக்காம வர்றது, இதுல எதுவா இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம உடனே கீழ கிளம்பிடுங்க.

டிஸ்சார்ஜ் சம்மரியை ரெண்டு பேர் போன்ல போட்டோ எடுத்து வைங்க. ஃபைல் அட்டையில பெரிய எழுத்துல எழுதுங்க: என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, சர்ஜன் நம்பர், "சர்ஜனைக் கேக்காம மூக்கு வழியா டியூப் போட வேண்டாம்". ராத்திரி வேற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தா, டியூட்டி டாக்டருக்கு உள்ள புதுத் தையல் இருக்கிறது அதைப் பாத்தாத்தான் தெரியும்.