எம்.ஹெச்.ஏ. முடித்து முதல் வேலை: மறக்க முடியாத நாள் எது?

அல்சூர் ஏரிக்கரை:
படித்தது ஆஸ்பத்திரி நிர்வாகம், பெங்களூரில் உட்கார வைத்தது இன்ஷூரன்ஸ் கவுன்டரில். மூன்றாவது வாரம். காலை 11 மணிக்கு டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார், மாலை 5 ஆகியும் டிபிஏ (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம் பார்க்கும் நிறுவனம்) அப்ரூவல் வரவில்லை. ஓசூர்ப் பக்கத்துப் பெரியவர் ஆறாவது தடவையாக வந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் சத்தம் போடுவதை விட்டுவிட்டார், அதுதான் கஷ்டமாக இருந்தது. “கண்ணு, வீட்டுக்குப் போறோம்னு காலையிலயே அவளுக்குச் செருப்பு மாட்டி உக்கார வெச்சுட்டேன். கழட்டச் சொல்லவா?”

வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில், மடியில் பையோடு அந்த அம்மா. செருப்புக் கால் தரையை எட்டவில்லை. 3 மணி நேரத்துக்குள் அப்ரூவல் தரணும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-லேயே சொன்னதே, அது எங்கே போனது?

டிபிஏக்காரன்:
அந்த 3 மணி நேரம் டாக்டர் எழுதியதிலிருந்து ஓடாது நண்பரே. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் அப்ரூவல் கேட்டு அனுப்பியதிலிருந்துதான். அதற்கு முன்னால் மீதி மருந்து பார்மசிக்குத் திரும்பணும், லேப் பில் ஏறணும், சம்மரி டைப் ஆகணும். உங்கள் ஃபைல் எத்தனை மணிக்குப் போனது, பார்த்தீர்களா? திட்டு மட்டும் எங்களுக்கு!

ஸ்ரீராமபுரம் அக்கா:
நான் குவாலிட்டியில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஹெச் சார்பில் ஆய்வுக்கு வந்தவர், துப்புரவு அம்மாவிடம் ஊசியை எதில் போடுவீர்கள் என்று கேட்டார். “வெள்ளை டப்பா.” பட்டென்று பதில். என்னைக் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

அது கிடக்கட்டும் தம்பி. கவுன்டரில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்காதே. ஆபரேஷன்ஸ் அல்லது குவாலிட்டிக்கு மாற்றிக் கேள். கன்னடம் பேசக் கற்றுக்கொள், நர்ஸ், வார்டு பாய் எல்லோரும் அப்போதுதான் உண்மையைச் சொல்வார்கள். எக்ஸெல் நன்றாக வரணும். எய்ம்ஸில் எம்.டி. ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதே, அது எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு. கிளினிக்கல் பின்னணி இல்லாத நமக்கு ஏணி கொஞ்சம் குட்டைதான், ஆனாலும் ஏறலாம்.

அல்சூர் ஏரிக்கரை:
நன்றி அக்கா. டிபிஏ நண்பருக்கு: இப்போதுதான் பழைய மெயிலைத் தேடிப் பார்த்தேன். ஃபைல் போனது 2.40-க்கு. அதுவரை எங்களிடமேதான் கிடந்திருக்கிறது. அந்தப் பெரியவரிடம் ஆறு தடவையும் “இன்ஷூரன்ஸ்ல லேட்டுங்க ஐயா” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.