கறுப்பு வெள்ளையில் ஓடிய மஞ்சள் கார்

எட்டாவது படிக்கும்போது காமிக்ஸில் துப்பறியும் ரிப்போர்ட்டர் ஜானியின் கார் என்ன நிறம் என்று எனக்கும் அண்ணனுக்கும் பெரிய சண்டை. நான் சிவப்பு என்றேன், அவன் நீலம். சிவகாசியிலிருந்து வந்த அந்தப் புத்தகத்தில் எல்லாமே கறுப்பு வெள்ளைதான். உள்ளங்கையில் அடங்கும் அளவு, விரலில் மை ஒட்டும் சாணித்தாள். பல வருடம் கழித்து வண்ணத்தில் பார்த்தால், கார் மஞ்சள்! இரண்டு பேருமே தோற்றுப்போனோம்.

இதெல்லாம் பெல்ஜியத்துக் கதைகள், பிரெஞ்சுக் கதைகள் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அவற்றைத் தமிழில் வெளியிட்ட லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் என்றுதான் தெரியும். ஜானிக்கு அங்கே ரிக் ஹோசே என்று பெயர். 1955-இலிருந்து 'டின்டின்' வார இதழில் வந்தவர். கௌபாய் கதைகளில் வரும் நம் கேப்டன் டைகர்தான் அங்கே புளூபெர்ரி. அந்த ஊரில் ஒரு கதை என்றால் பெரிய அளவில், கெட்டி அட்டையில், 48 பக்க வண்ண ஆல்பம். நமக்கு வரும்போது ஒரு பக்கத்துக் கட்டங்களைப் பிரித்து, அடுக்கி, குட்டிப் புத்தகத்துக்குள் உட்காரவைத்திருப்பார்கள்.

என்னை உண்மையிலேயே அசரவைத்தது வேறு. ஜானியை வரைந்த டிபெ என்ற ஓவியர்தான் சிக் பில் என்ற சிரிப்புக் கௌபாய் தொடரையும் வரைந்தவராம். ஒருபக்கம் இருட்டுப் பங்களா, கொலை, மர்மம். இன்னொருபக்கம் ஷெரீப் டாக்புல்லும் ஆர்ட்டினும் அடிக்கும் கூத்து. ஒரே கையா என்று இன்னும் நம்பமுடியவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 'தங்கக் கல்லறை' எனக்குக் கிடைத்தது ஒரு பழைய பேப்பர் கடையில். கேப்டன் டைகர், பாலைவனம், தொலைந்துபோன தங்கச் சுரங்கம், தங்கத் தோட்டாவால் சுடும் ஓர் ஆவி. சாப்பிடக் கூப்பிட்டும் போகாமல் படித்துக்கொண்டே போனால், கடைசிப் பக்கங்கள் இல்லை. எவனோ கிழித்திருக்கிறான். அந்த ஆவி யார் என்று தெரியாமல் இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் கணக்கு நோட்டிலிருந்து நான்கு தாளைக் கிழித்தான். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டோம். டைகரின் உடைந்த மூக்கு மட்டும் எனக்குச் சரியாக வந்தது. குதிரை எதுவும் வரவில்லை, அதனால் எல்லோரையும் நடக்கவிட்டோம். சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அண்ணன் 'முற்றும்' போட்டான்.

பின்னாளில் வண்ண மறுபதிப்பு வந்ததும் முதல் வேலையாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அந்த ஆவி யாரென்று இங்கே சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் படித்துக்கொள்ளுங்கள். எங்கள் முடிவில் அது டைகரின் கூட்டாளியான குடிகாரக் கிழவன் ஜிம்மி. அதுதான் சரியான முடிவு என்று அண்ணன் இன்னமும் சாதிக்கிறான்.