தலைமைத்துவத் திட்டத்துக்கு யோசனை சொல்லுங்கோ

வணக்கம். கிளிநொச்சியில இருந்து எழுதிறன். டோஸ்ட்மாஸ்டர்ஸ் எண்ட பேச்சுப் பயிற்சிக் கழகத்தின்ர பாத்வேஸ் பாடத்திட்டத்தில 'ஹை பெர்ஃபோமன்ஸ் லீடர்ஷிப்' எண்ட தலைமைத்துவத் திட்டம் தொடங்கப்போறன். சாதாரண தரப் பரீட்சை எழுதிப்போட்டு வீட்டில நிக்கிற பிள்ளையளுக்கு, புதுக்குடியிருப்புப் பக்கம் சனிக்கிழமையில பேச்சுப் பட்டறை. நல்லா எழுதுற பிள்ளையள்தான். எழும்பச் சொன்னா பேரை மட்டும் சொல்லிப்போட்டு மேசை விளிம்பைப் பிடிச்சபடி சிரிக்குதுகள்.

திட்டத்துக்கு ஆலோசனை சொல்லுற வழிகாட்டல் குழுவில ஆரைப் போடுறது? கழகத்தில எல்லாரும் மூத்த உறுப்பினர்களைத்தான் சொல்லுகினம். எனக்கெண்டா ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவராவது வேணும். கழகத்துக்கு வெளிய இருந்து ஆக்களை எடுத்துச் செய்தவை இருக்கிறியளோ?

மற்றது காலம். தை, மாசியில காலபோக அறுவடை, என்னோட பட்டறை நடத்துற குழுவில பாதிப்பேர் வயலில நிப்பினம். (மழை பிந்தினா அதுவும் பிந்தும்.) பங்குனிக்குத் தள்ளுறதோ, அதுக்கு முந்தியே சின்னதாச் செய்து முடிக்கிறதோ?

இந்தத் திட்டத்துக்காகக் கழகத்தில குடுக்கிற ரெண்டு பேச்சில, திட்டத்தை விளக்கிற முதலாவது பரவாயில்லை. முடிவைச் சொல்லுற ரெண்டாவதுக்கு, பிள்ளையள் முன்னேறினதை எப்பிடிக் காட்டினனீங்கள்? உங்கட திட்ட அட்டவணை இருந்தா இன்பொக்ஸில போடுங்கோ, தமிழில எண்டா இன்னும் நல்லம்.