1968 யூரோ கோப்பை: பூவா தலையா போட்டு வாங்கியதா?

கால்பந்துப்பித்தன்:
"இத்தாலி 1968 யூரோவை நாணயம் சுண்டித்தான் ஜெயித்தது" என்று பால்கன்பாலா இன்னொரு இழையில் எழுதியிருக்கிறார். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நாணயம் சுண்டியது செமி ஃபைனலில். ஜூன் 5, நேப்பிள்ஸ், எதிரணி சோவியத் யூனியன், 120 நிமிடம் ஆடியும் 0-0. ஃபைனலில் நாணயத்துக்கு வேலையே இல்லை. ஜூன் 8 அன்று ரோமில் யூகோஸ்லாவியாவுடன் 120 நிமிடம் ஆடியும் 1-1. ஜூன் 10 ரீப்ளேயில், அதாவது மறு ஆட்டத்தில், இத்தாலி 2-0. 12வது நிமிடம் ரீவா, 31வது நிமிடம் அனஸ்தாசி.

பால்கன்பாலா:
டாஸ் ஜெயிக்காமல் ரோமுக்கு எப்படி வந்தார்களாம்? இத்தாலி கேப்டன் ஃபக்கெத்தி பூ கேட்டார், பூ விழுந்தது. தலை விழுந்திருந்தால் ஃபைனலில் நின்றிருப்பது சோவியத் கேப்டன் ஷெஸ்டர்னியோவின் அணி. கோப்பையைக் கொடுத்தது நாணயம்தான்.

கால்பந்துப்பித்தன்:
செமி வேறு, ஃபைனல் வேறு. பெனால்டி ஷூட்அவுட் 1970இல்தான் விதிக்குள் வந்தது. மூன்றே நாளில் ஃபைனல், செமிக்கு ரீப்ளே எங்கே வைப்பது? மாற்று ஆட்டக்காரரும் அப்போது கிடையாது. ரிவேரா ஆரம்பத்திலேயே காயப்பட்டும் இத்தாலி தாக்குப்பிடித்தது. அதையும் எழுதுங்கள்.

நடுக்கோடு:
நாணயத்தை விடுங்கப்பா. முதல் ஃபைனலில் 39வது நிமிடமே யூகோஸ்லாவியாவின் ஜாயிச் கோல். 80வது நிமிடம் வரை யூகோஸ்லாவியா கையில் ஆட்டம். இத்தாலியின் டொமெங்கினி ஃப்ரீகிக்கில் சமன் செய்தபோது யூகோஸ்லாவியாவின் தடுப்புச் சுவர் சரியாக அமையவே இல்லை. ரெஃப்ரி யார்? 1966 உலகக் கோப்பை ஃபைனலை நடத்திய அதே டீன்ஸ்ட்.

கால்பந்துப்பித்தன்:
ஃப்ரீகிக் கோல் என்றால் நாணயம் இல்லை என்றுதானே அர்த்தம்? என் பக்கம் பேசியதற்கு நன்றி.

நடுக்கோடு:
நான் யார் பக்கமும் பேசவில்லை. போன மாதமும் இப்படித்தான் என் வரியை எடுத்து உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள்.

பால்கன்பாலா:
ரீப்ளேயாவது நியாயமா? இத்தாலி கோச் வல்கரெஜ்ஜி ஐந்து பேரை மாற்றினார். மசோலா, ரீவா, ரொசாட்டோ, டி சிஸ்தி, சல்வதோரே எல்லாரும் புதுக் கால்கள். யூகோஸ்லாவியா மாற்றியது ஒரே ஒருவரை. ஆறு நாளில் மூன்று ஆட்டம், கால் எங்கே ஓடும்?

கால்பந்துப்பித்தன்:
கணக்குப் போடுங்கள் சார். ரீப்ளேக்கு முன் இத்தாலி ஆடியது 240 நிமிடம். யூகோஸ்லாவியா இங்கிலாந்தை 90 நிமிடத்தில் 1-0 என்று முடித்ததால் 210தான். அதிகம் களைத்தது யார்? ஐந்து பேரை மாற்ற ஆள் இருந்தது, மாற்றினார். அது கோச்சின் வேலை. ரீவாவை இறக்கியது நாணயமா?

லெஃப்ட்விங்:
ரீப்ளே அவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் 1976இல் ஏன் கைவிட்டார்கள்? பெல்கிரேடில் ஃபைனல், செக்கோஸ்லோவாக்கியா - மேற்கு ஜெர்மனி 2-2. நேராகப் பெனால்டி. ஜெர்மனியின் ஹூனஸ் கம்பத்துக்கு மேலே அடித்தார், செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா நடுவில் மெல்லத் தூக்கிவிட்டார், 5-3. அதுதான் சுத்தமான முடிவு.

பால்கன்பாலா:
1976ஐ எடுக்காதீர்கள். அந்த செமியில் யூகோஸ்லாவியா 2-0 முன்னிலையில் இருந்து மேற்கு ஜெர்மனியிடம் 4-2 தோற்றது. டீட்டர் முல்லர் மூன்று கோல். எங்கள் காயத்தில் உப்பு.

லெஃப்ட்விங்:
2004 கிரீஸை என்ன சொல்வீர்கள்? செக் அணியைக் கோல்டன் கோலில் வீழ்த்தித்தானே ஃபைனல்?

நடுக்கோடு:
சில்வர் கோல். கிரீஸின் டெல்லாஸ் அடித்தது எக்ஸ்ட்ரா டைமின் முதல் பாதி முடியும் தறுவாயில், கார்னரிலிருந்து தலையால். அப்போதைய விதிப்படி, பாதி முடியும்போது முன்னிலை இருந்தால் ஆட்டம் அதோடு சரி. கோல்டன் கோல் என்றால் அடித்த நொடியே முடியும், 1996இல் ஜெர்மனியின் பியர்ஹாஃப் அடித்ததுபோல. இதுகூடத் தெரியாமல் 1976 பேச வந்துவிட்டீர்கள்.

லெஃப்ட்விங்:
ஒரு சொல் தவறினால் இவ்வளவு பேச்சா? கிரீஸ் சார்பாக நீங்கள்தான் வக்கீலோ?

கால்பந்துப்பித்தன்:
கிரீஸுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. ஃபைனலில் நாணயம் சுண்டினார்களா? இல்லை. பாலா இன்னும் அந்த வரியைத் திருத்தவில்லை.

பால்கன்பாலா:
திருத்த மாட்டேன். பூ விழுந்தது, கோப்பை வந்தது.

கால்பந்துப்பித்தன்:
செமியில். ஜூன் 5. நேப்பிள்ஸ். நாளைக்கும் இதையே எழுதுவேன்.